தாய்மாமன் நிபந்தனை

1

இன்று காலை வகுப்பில் ஒரு டச்சு மாணவன் கையைத் தூக்கினான். "இந்த மாமன் என்பவர் யார்? அவர் வீடு வழியிலேயே இல்லையே, பிறகு ஏன் முதலில் அங்கே போகவேண்டும்?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நெதர்லாந்தில், கால்வாய்க்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறேன். பொருளாதாரத்தையும் வரைபடத் தரவுகளையும் சேர்த்துப் படிக்கும் மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. வாரம் ஒரு நாள் முதலாண்டுக்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். இன்றைய கணக்கு இது: ஒரு குடும்பம் இரண்டு கார்களில் ஊர் ஊராகப் போய்க் கல்யாணப் பத்திரிகை வைக்கவேண்டும். மிகக் குறைந்த தூரத்தில் எல்லா வீடுகளையும் முடிக்கும் வழியைக் கணினியில் கண்டுபிடிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாமன் வீட்டுக்கு முதலில் போயாகவேண்டும்.

எங்கள் பேராசிரியர் மரைக் அம்மையார் அந்தத் தாளில் அதற்கு 'மாமன் நிபந்தனை' என்றே பெயர் போட்டிருக்கிறார். அந்த மாமன் என் சொந்த அண்ணன். தொண்டாமுத்தூரில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறார். அவர் பெயரால் ஒரு நிபந்தனை ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. கணக்கில் வரும் கல்யாணம் நடந்து இன்றோடு ஒரு வருடம்.

2

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பி.காம். முடித்தேன், கல்யாணமானது, கணவரின் வேலைக்காக இங்கே வந்தேன். மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் எனக்குப் பகலெல்லாம் வீடு வெறிச்சென்றிருந்தது. ஒரு நாள் கணவரிடம், "நானும் காலேஜ் போறனுங்க" என்றேன். "தாராளமா போ" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்திருப்பார் பாவம்.

முதல் நாள் பேராசிரியர் உள்ளே வந்ததும் நான் மட்டும் விருட்டென்று எழுந்து நின்றேன். மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தீ விபத்து எச்சரிக்கை ஏதாவதா என்று பக்கத்துப் பெண் கேட்டாள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், அதுதான் இங்கே மரியாதையாம். எனக்கு நாக்கு புரளவில்லை. "மரைக்" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் கூடவே ஒரு 'ங்க' சேர்த்துவிடுவேன். "எஸ்ங்க மரைக்", "ஓகேங்க மரைக்". ஒரு மாதத்தில் வகுப்பே "ஓகேங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. இப்போது காபி இயந்திரத்தின் அருகில் நின்றால் நம்ம காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி கேட்கும்.

படிப்பு என்ன என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். எளிதுதான். ஒரு சாலையில் இரண்டு இளநீர்க் கடைகள் ஏன் அருகருகே இருக்கின்றன, ஒன்று ஏன் தள்ளிப் போகவில்லை? மருதமலைப் பக்கம் மனை விலை ஏறினால் வடவள்ளியில் என்ன ஆகும்? 'ஏன்' என்று கேட்பது பொருளாதாரம். 'எங்கே' என்று கேட்பது வரைபடம். இரண்டையும் ஒரே கணினியில் போட்டுக் கிளறுவதுதான் எங்கள் படிப்பு. செயற்கைக்கோள் படத்தில் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைக் கூரைகளை நான் முதன்முதலாக எடுத்துப் பார்த்த நாளில், அங்கே இருக்கும் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த ஏதோ ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "மாடில என்ன காயுது?" என்று கேட்டேன். "வடகம். உனக்கெப்படித் தெரியும்?" என்று அலறினாள். அந்தப் படம் எடுத்து வருஷக்கணக்காகியிருக்கும். அக்கா மாடியில் எப்போதும் வடகம்தான் காயும்.

3

யாழினியைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் அவளுக்குத் தமிழ் என்றால் சாப்பாட்டு மொழி. "பசிக்குது", "காரம்", "போதும்". மற்றதெல்லாம் டச்சு. ஊரிலிருந்து யாராவது வீடியோவில் வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குள் மறைந்துவிடுவாள். அவளுக்கு 'ங்க' வராது. பெரியவர் சின்னவர் பேதமில்லாமல் எல்லாருக்கும் 'நீ, வா, போ'தான். மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவாள். இந்த நாட்டுப் பழக்கம் அது. அவள் கையை விட்டு நழுவிக்கொண்டே போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஊர்ப்பக்கம் கூட்டிப்போனால் இவள் வாயால் என்ன வம்பு வருமோ என்று இன்னொரு பயம்.

ஆனால் அவளைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் எப்படி? இருபது வருடம் இங்கே இருந்ததில் நானும் மாறித்தான் போயிருந்தேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளிடம் விடைபெறும்போது "போய்ட்டு வாரேன்" என்பதை அப்படியே டச்சில் சொல்லிவிட்டேன். அந்தம்மாள் நான் திரும்பி வருவேன் என்று காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே யார் எதைச் சொன்னாலும் அதற்கு அதுதான் பொருள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்குப் பழகிப்போனேன். அங்கேதான் வந்தது வினை.

4

அக்கா மகள் மதுமிதாவுக்குக் கல்யாணம் முடிவானது. அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்பேன். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் பத்திரிகை வைப்பது சாமானிய வேலை இல்லை. தபாலில் போடுவதும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கணக்கிலேயே வராது. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருசன் பொண்டாட்டியாக நேரில் போய், ஒவ்வொரு வீட்டிலும் வைத்துக் கூப்பிடவேண்டும். காரமடை, மேட்டுப்பாளையம், அன்னூர், அவினாசி, ஆர்.எஸ்.புரம், தொண்டாமுத்தூர் என்று திசைக்கொன்றாகச் சொந்தம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு வகுப்பில் ஒரு செயல்திட்டம் செய்யவேண்டியிருந்தது. விடுவேனா? மச்சானிடம் எல்லா வீட்டு இருப்பிடத்தையும் வாங்கி, கணினியில் ஏற்றி, இரண்டு கார், மூன்று நாள், குறைந்த தூரம் என்று வழி போட்டு அனுப்பினேன். மச்சானுக்கு ஏகக் குஷி. "அம்மணி, சுத்தியடிக்கறதுல பாதி டீசல் மிச்சமாயிருமாட்ட இருக்குதே!" என்று பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

அந்த வழியில் அண்ணன் வீடு மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. மேற்கே மலையடிவாரத்தில் தனியாகக் கிடக்கும் ஊர், கடைசியில் போனால்தான் தூரம் மிச்சம். அக்கா பதறினாள்.

"அண்ணன் ஊட்டுக்கு மொதல்ல போகோணுமே அம்மணி! பொறந்த ஊட்டுல வெக்காம வேற யாருக்கு வெக்கறது?"

"நான் அண்ணன்கிட்டயே கேட்டுச் சொல்றேன் இரு" என்று போன் போட்டேன்.

அண்ணன் எப்போதும் போலத்தான் பேசினார். "அதுக்கென்ன அம்மணி! எப்ப வந்தா என்ன, நம்மூடு தானே. தோதுப்படறப்ப மெதுவா வரச்சொல்லு."

அண்ணன் சரி என்றுவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு மனசே இல்லை. "அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு" என்றாள். "சொன்னா அப்படித்தானே அர்த்தம்?" என்று கேட்டேன் நான். படித்தவள் சொல்கிறாளே என்று அவளும் விட்டுவிட்டாள்.

5

முதல் நாள் வழி ஆர்.எஸ்.புரத்தில் முடிந்தது. அங்கே மச்சானின் பள்ளித் தோழர் அன்வர் பாய் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை அதே கடைக்கு அண்ணனும் நங்கையும் போயிருக்கிறார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். எதற்குப் போனார்கள்? மதுமிதாவுக்குத் தாய்மாமன் சீராக வைக்கப் பட்டுச்சேலை எடுக்க. அந்தச் சேலையையும் மாலையையும் மாமன் கொண்டுவந்து வைத்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பெண் மணவறைக்கு வருவாள்.

அன்வர் பாய் வாய் நிறைய, "ஏனுங்க, உங்க மருமக பத்திரிகை ரொம்ப அம்சமா அடிச்சிருக்காங்க" என்று எடுத்து நீட்டியிருக்கிறார். அண்ணன் தன் மருமகளின் கல்யாணப் பத்திரிகையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அதுவும் அடுத்தவர் கையில். நல்லாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு, சேலையே எடுக்காமல் வீடு திரும்பிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அக்கா வழியையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுத் தொண்டாமுத்தூருக்கு ஓடினாள். அண்ணன் வாசலுக்கு வந்து, "வாங்க, உக்காருங்க. காபி சாப்பிடுங்க" என்றாராம். கூடப்பிறந்த தங்கையை! "வா அம்மணி" என்று கூப்பிடும் மனுசன் 'ங்க' போட்டால் அவளை அந்நியமாக்கிவிட்டார் என்றுதானே அர்த்தம்? பத்திரிகையை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னமே வரவேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, "தோட்டத்துல சோலி கெடக்குதுங்க. பாக்கலாமுங்க" என்றாராம். அக்கா அங்கே அழாமல் அடக்கிக்கொண்டு, எனக்குப் போன் போட்டு அழுதாள்.

நான் கூப்பிட்டால் அண்ணன் எடுக்கமாட்டார். நங்கைதான் எடுப்பார். "தோப்புக்குள்ள ஆனை வந்துருச்சு அம்மணி, உங்கண்ணன் காவலுக்குப் போயிருக்கறாரு." மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் யானை. பட்டப்பகலில் கூப்பிட்டாலும் யானை. அந்த யானைக்கு வேறு வேலையே இல்லையா? நான் முதன்முதலாக நன்றாகப் பயந்துபோனேன். மாமன் இல்லாமல் மதுமிதா எப்படி மணவறைக்கு வருவாள்? அவளுடைய கல்யாண நாளைக் கெடுத்தவளாக நான் ஆகிவிடுவேனோ என்று தூக்கமே போய்விட்டது.

முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பலாம் என்றால் என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வருவது சிரமம். அலுவலகத்தில் போய் நின்றேன். என்ன அவசரம் என்று அந்த அதிகாரி கேட்டார். ஊரில் அண்ணன் என்றேன். "உடம்பு சரியில்லையா?"

"இல்லை. ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முழுக்கதையையும் என் ஓட்டை டச்சில் சொன்னேன். கார், வழி, பத்திரிகை, பட்டுச்சேலை, யானை. எவ்வளவு புரிந்ததோ தெரியாது. யானை வந்த இடத்தில் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அந்த வாரமே அட்டை கிடைத்துவிட்டது. நல்லா இருக்கட்டும் மகராசன்.

6

கணவர் கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. நானும் யாழினியும் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கினோம். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன்தான் வந்து கூட்டிப்போவார். இந்த முறை வருவாரா? கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதே கூட்டத்தில் அவரைத் தேடினேன். வந்திருந்தார். தேங்காய் ஏற்றும் பிக்கப் வண்டியோடு. யாழினி தலையைத் தடவி, "நல்லாருக்கறயா கண்ணு?" என்றார். பெட்டியைத் தூக்கி வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "எங்கீங்க கொண்டுபோய் உடோணும்?" என்றார்.

அண்ணன் வீட்டுக்குத்தான் எப்போதும் முதலில் போவோம். கேட்கவே வேண்டாத கேள்வி. "உங்க ஊட்டுக்குத்தானுங்ணா" என்றேன். நடுவில் யாழினி உட்கார, அவினாசி ரோட்டில் அண்ணன் அவளிடம் மட்டும் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

யாழினி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தன் அரைகுறைத் தமிழில் கேட்டே விட்டாள்.

"மாமா, நீ கோவமா இருக்கியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதே கிடையாது.

"சேச்சே! கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்ப ஏன் அம்மாகிட்ட பேசல? கோவம் இல்லன்னா பேசு. கோவம்னா கோவம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

அண்ணன் ஒரு பேக்கரி ஓரமாக வண்டியைச் சடாரென்று நிறுத்தினார். ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வெடித்தார்.

"கோவந்தான் கண்ணு! ரொம்பக் கோவம்! மருமகளுக்குச் சீலை எடுக்கப்போன எடத்துல, அந்தப் பத்திரிகைய நான் ஊரான் கைல பாக்கறேன். எனக்கு எப்பிடியிருந்திருக்கும்?"

"நீங்கதானுங்ணா எப்ப வந்தாலும் சரின்னு சொன்னீங்க!" என்றேன் அழுகையோடு.

"சொல்லுவேன்! அப்பிடித்தான் சொல்லுவேன்! வேற எப்பிடிச் சொல்றது? மொதல்ல எனக்கு வைன்னு நானே வாயுட்டுக் கேக்கறதா?"

"கேக்கலாமே" என்றாள் யாழினி, நிதானமாக.

அண்ணன் அவளையே பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். வண்டியே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூன்று பேரும் இறங்கி பப்ஸும் டீயும் சாப்பிட்டோம். அத்தனை நாள் கழித்து அண்ணன், "இன்னொரு பப்ஸ் தின்னு அம்மணி, எளச்சுப்போயிட்ட" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது எனக்கிருந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை.

யாழினி வாயைத் துடைத்துக்கொண்டே, "மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்க முடியாதா?" என்று கேட்டாள். அவளுக்கு அது கணினி விளையாட்டு மாதிரி. அண்ணன் கண்கள் விரிந்தன.

"மொதல்லருந்தா?"

7

முதலிலிருந்தேதான். அக்காவும் மச்சானும் புதுத் தட்டோடு தொண்டாமுத்தூர் வந்து, அண்ணன் வீட்டில் வரிசைப்படி முதல் பத்திரிகை வைத்தார்கள். இந்த முறை அண்ணன் "வா அம்மணி" என்றார். அக்கா அந்த ஒரு வார்த்தைக்கே விசும்பினாள். தட்டை வாங்கியதும் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். "நடங்க மாப்ள. இனி எல்லா ஊட்டுக்கும் நானும் வாரேன்."

மாமனே கூட வந்து கூப்பிட்டால் மாமனை விட்டுவிட்டார்கள் என்று எவர் சொல்லமுடியும்? பாக்கியிருந்த வீடுகளுக்குப் போனோம். ஏற்கெனவே வைத்த வீடுகளுக்கும் மறுபடி போனோம். அன்வர் பாய், "ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு தடவ கூப்புடறீங்களே, ரெண்டு தடவ பிரியாணி உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்று எடுக்காமல் போன பட்டுச்சேலைகளைத் தானே விரித்துக் காட்டினார். அண்ணன் தேர்ந்தெடுத்தது மாம்பழ மஞ்சள். நான் என் கணக்கில் வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தேன். எந்த வீட்டில் பத்து நிமிடத்தில் விட்டார்கள்? காரமடையில் இட்லி, அன்னூரில் பணியாரம், அவினாசியில் மத்தியானச் சாப்பாடு, அடுத்த தெருவில் இன்னொரு மத்தியானச் சாப்பாடு. போன வழியிலேயே மறுபடி போனோம், மறந்த வெற்றிலைக்குத் திரும்பி வந்தோம். "டீசலுக்கே தனியா ஒரு சீர் வெக்கோணுமாட்ட இருக்குதே" என்று மச்சான் முணுமுணுத்தார். "ஆனை மேஞ்ச தோப்பயே உட்டுட்டு வந்துருக்கறேன், உங்களுக்கு டீசலு" என்றார் அண்ணன். யானை நிஜமாகவே வந்திருக்கிறது! ஒரே ஒரு நாள், ஒரு வரிசை வாழையோடு போய்விட்டது. மற்ற நாளெல்லாம் நங்கை போனில் ஓட்டிய யானைதான்.

பின்சீட்டில் யாழினி கைபேசியில் எங்கள் பாதையைப் பதிவு செய்துகொண்டே வந்தாள். நூல்கண்டைப் பூனை கலைத்துப்போட்ட மாதிரி இருந்தது படம். ஒவ்வொரு வீட்டுக்கும் இவர் யார், இவருக்கு முன்னால் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அண்ணனைத் துளைத்துக்கொண்டே வந்தாள். அவரும் சலிக்காமல் சொன்னார். கல்யாணத்தன்று மாம்பழ மஞ்சள் தட்டை அண்ணன் தூக்கிவர, இன்னொரு தட்டோடு பக்கத்தில் நடந்துவந்தது என் மகள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அண்ணன் காலில் விழுந்து எழுந்தாள்.

திரும்பி வந்ததும் அறிக்கை எழுதினேன். நிபந்தனை ஒன்றைத் தளர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்குப் பொருளாதாரத்தில் நிழல் விலை என்று பெயர். அண்ணன் வீட்டை முதலில் வைத்திருந்தால் தூரம் கொஞ்சம்தான் கூடியிருக்கும். வைக்காமல் விட்டதால் கூடியதை மரைக் அம்மையார் படத்தில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இத்தனை வீடுகளுக்கு ஏன் இரண்டு முறை போனீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். நல்ல மதிப்பெண் போட்டார்.

8

வகுப்பு முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இன்று அண்ணனை அழைத்தேன். உங்கள் பெயரில் இங்கே ஒரு கணக்கே இருக்கிறது என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"அம்மணி! நம்ம யாழினிக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிருச்சாமா! இப்பத்தான் கண்ணு போன் பண்ணுச்சு!"

நான் நின்றுவிட்டேன். "எந்தக் காலேஜ்ங்ணா?"

"உனக்குத் தெரியாதா?" என்றவர் சட்டென்று குரலை இறக்கினார். "அய்யய்யோ. செரி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனை வந்துருச்சு, வெச்சறட்டா?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பெற்றவள் நான். என்னிடம் சொல்வதற்கு முன்னால் கண்காணாத தொண்டாமுத்தூருக்குச் செய்தி போயிருக்கிறது. சுருக்கென்றுதான் இருந்தது. மழையில் நனைந்து யாழினி உள்ளே வந்தாள். "அம்மா, ஒரு நியூஸ்" என்று ஆரம்பித்தாள். தெற்கே வேறொரு நகரத்தில் இடமாம். வரைபடப் படிப்பாம். பொருளாதாரம் வேண்டவே வேண்டாமாம்.

"தெரியும். மாமா சொன்னாரு" என்றேன். "பரவாயில்ல கண்ணு. யாருகிட்ட மொதல்ல சொன்னா என்ன."

அவள் பையைக் கீழே வைத்தாள். என் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள்.

"நெஜமா பரவாயில்லயா? இல்ல கோவமா? ரெண்டுல ஒண்ணு."

"கோவந்தான்!" என்று கத்தினேன். கத்தியதும் எங்கிருந்தோ அப்படி ஒரு சிரிப்பு வந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணி சொட்டியது.

"மாமாதானேம்மா மொதல்ல? வரிசைப்படிதான் வந்தேனுங்க" என்றாள். அவள் வாயிலிருந்து 'ங்க' வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சமையலறையிலிருந்து என் கணவர், கரண்டியும் கையுமாக, "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டயா?"

"இன்னும் இல்ல."

அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். "போ சாமி. அடுத்த ஊட்டுக்குப் பத்திரிகை வெச்சுட்டு வா."